வழி சொல்லும் வளவு

செட்டிநாட்டு ஊரான அரிமளத்தில் நகரத்தார் வீட்டு நிலைக்கதவு திறந்ததும் உள்ளே ஓடிவிடாதீர்கள். படியிலேயே நின்று நேரே பாருங்கள். முகப்பின் நிழல், அதற்கப்பால் வளவில் கொட்டும் வெயில், மறுபடி நிழல், மறுபடி இரண்டாங்கட்டின் வெளிச்சம்... கடைசியில், அதோ, அடுத்த தெருவைப் பார்த்துத் திறக்கும் பின்வாசல்! இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிற அவ்வளவு பெரிய வீடும் ஒரே பார்வையில் அகப்பட்டுவிடுகிறது. அம்புக்குறி கிடையாது, பலகை கிடையாது!

வாங்க, வளவுக்குள் இறங்குவோம். வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. இந்த வீட்டின் பெரிய ரகசியமே இங்கேதான் இருக்கிறது: எந்த அறைக்குள் நுழைந்தாலும் சரி, வெளியே காலெடுத்து வைத்தால் நிற்பது வளவில்தான். பிறகு எப்படி வழி தப்பும்?

கண்ணை மூடிக்கொண்டாலும் கவலையில்லை, காலும் கையும் மூக்கும் வழி சொல்லும்! முன்பக்கம் வழவழவென்ற தரை, பர்மா தேக்குத் தூண்கள். பின்கட்டுக்குப் போகப் போக அலங்காரம் குறைந்துகொண்டே வரும். தாளிக்கும் வாசனை வந்துவிட்டதா? அடுப்படி நெருங்கிவிட்டது.

அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச், மனிதர்கள் ஊரை மனத்தில் எப்படிப் பதித்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்று ஐந்து கூறுகளைச் சொன்னார். இந்த வீட்டில் அவற்றை எண்ணிப் பாருங்களேன்! நேர்கோட்டு நடை பாதை, நிலைப்படி எல்லை, ஒவ்வொரு கட்டும் ஒரு வட்டாரம், வளவு சந்திப்பு, நிலையில் செதுக்கிய கஜலட்சுமி அடையாளம். ஐந்தும் ஒரே கூரையடியில்!

கல்யாண நாளில் இந்த அமைப்பின் அருமை இன்னும் பளிச்சென்று தெரியும். திண்ணையிலும் முகப்பிலும் வரவேற்பு, வளவில் சடங்கு, இரண்டாங்கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் சமையல். கானாடுகாத்தான், காரைக்குடி, அரிமளம் என்று எந்த ஊர் வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஒரு வீட்டில் நடந்து பழகிய கால், செட்டிநாடு முழுவதும் கேட்காமலே பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும்!