படம் பார்க்கும் அறையில் விளக்கு யாருடைய கையில்?

ஞாயிறு இரவு. ஹோலில் படம் தொடங்கப் போகின்றது. சிக்கனமான ஒரு புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் இருந்தால் இன்று வீடே தியேட்டராகி விடுகின்றது. "லைற்றை நூருங்கோ!" என்று பிள்ளைகள் கத்த, எழுந்து செல்பவர் பெரும்பாலும் தாய்தான். சற்று நேரத்தில் அதே இருட்டில் தேநீர்த் தட்டுடன் வந்து, தரையில் கிடக்கும் வயரில் கால் தடக்குபவரும் அவர்தான்.

படம் பார்க்கக் கும்மிருட்டு அவசியமில்லை. இருண்ட அறையில் பளிச்சிடும் தொலைக்காட்சித் திரையை நெடுநேரம் பார்த்தால் கண் களைத்துவிடும். தொலைக்காட்சிக்குப் பின்னே, சுவரில் படும்படி மெல்லிய வெளிச்சம் இருப்பது நல்லது. புரொஜெக்டர் என்றால் அந்த இடம் பொருந்தாது, படம் வெளிறிவிடும். இருக்கைகளுக்குப் பின்னால், தாழ்வாக விளக்கை வையுங்கள்.

மிகவும் மலிவான தானியங்கி ஏற்பாடு, யூ.எஸ்.பி. செருகியுடன் வரும் எல்.ஈ.டி. பட்டிதான். தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஒட்டி, அதன் யூ.எஸ்.பி. துளையிலேயே செருகலாம். தொலைக்காட்சியைப் போட்டதும் எரியும், நிறுத்தினால் அணையும். (சில தொலைக்காட்சிகளில் நிறுத்திய பின்னும் எரிந்துகொண்டிருக்கும், பரிசோதித்துப் பாருங்கள்.) 5 வோல்ற் என்பதால் மின்னதிர்ச்சிப் பயமில்லை. ஆனால் சாதாரண யூ.எஸ்.பி. துளை 2.5 வாற் அளவே தரும். ஆகவே நீளமான பட்டி வேண்டாம்.

கூரை விளக்கை மங்கச் செய்யும் டிம்மர் ஆளி விடயத்தில்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். அது மின்னோட்ட அலையின் ஒரு பகுதியை வெட்டியே வெளிச்சத்தைக் குறைக்கின்றது. சாதாரண எல்.ஈ.டி. குமிழ் இதனைத் தாங்காது. மினுங்கும், இரையும், விரைவில் பழுதாகும். மங்கச் செய்யக்கூடியது எனப் பெட்டியில் குறிப்பிட்ட குமிழையே வாங்க வேண்டும். மின்விசிறியின் ரெகுலேட்டரை விளக்குக்குப் பொருத்தும் 'கெட்டித்தனம்' வேண்டவே வேண்டாம். சுவர் ஆளியை மாற்றுவது 230 வோல்ற் வேலை. அதைத் தகுதியுள்ள மின்வேலையாளரிடம் விடுங்கள்.

வைஃபை குமிழுக்கு இந்த வேலை எதுவும் தேவையில்லை. பழைய குமிழைக் கழற்றி இதைப் பூட்டி, கைத்தொலைபேசியில் 'படம்' என்றொரு ஒழுங்கைச் சேமித்தால், ஒரே தொடுகையில் வெளிச்சம் பத்து வீதத்துக்கு இறங்கும். டிம்மர் ஆளியுடன் மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது. அணைந்திருக்கும்போதும் ஏறத்தாழ அரை வாற் எடுக்கும். மாதம் முழுவதும் விட்டால் ஓர் அலகில் மூன்றிலொரு பங்கு.

இங்கேதான் ஒரு கேள்வி. அந்தச் செயலி யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கின்றது? கணவருடையதில் மட்டும் என்றால், அவர் வெளியே போனதும் சொந்த வீட்டு விளக்கைக் கூட்டவோ குறைக்கவோ நீங்கள் அவருக்குத்தான் அழைப்பெடுக்க வேண்டும். பெரும்பாலான செயலிகளில் வீட்டிலுள்ள மற்றவரையும் சேர்க்க முடியும். பொருத்தும் அன்றே உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி பாவிக்காத மாமிக்கு வேறு வழி வேண்டும். சுவர் ஆளியை அணைத்து மீண்டும் போட்டால் முழு வெளிச்சம் வரும்படி பல குமிழ்களில் அமைக்கலாம். இதில் ஒரு தொல்லை உண்டு: நடுச்சாமத்தில் மின்சாரம் போய்த் திரும்பினாலும் விளக்கு பளிச்சென்று எரியும். என்றாலும் அந்த அமைப்பையே நான் சொல்வேன். படுக்கப் போகும்போது சுவர் ஆளியை அணைத்துவிட்டால் போதும்.