வேலுத்தம்பி வாளும் நேப்பியர் பேரும்

இப்ப திரையில தெரியறது திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம். செங்குத்தா இறங்கற கேரளத்து ஓட்டுக் கூரை, அதுக்குக் கீழ கோதிக் பாணி ஜன்னல், சுவர் முழுக்கப் பட்டை பட்டையா வண்ணம். நாகர்கோவில், தக்கலை பக்கத்துக்காரங்க பல பேர் பள்ளிக்கூடச் சுற்றுலாவுல இங்க வந்திருப்பீங்க. மிருகக்காட்சிசாலையைப் பார்த்த கையோட இதையும் ஒரு சுத்து சுத்தியிருப்பீங்க.

2010ல இந்தக் கட்டடத்துக்கு ஒரு வாள் வந்து சேர்ந்தது. வேலுத்தம்பி தளவாயோட வாள். 1809ல ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் படை திரட்டின திருவிதாங்கூர் திவான் அவர். அவரோட வாள் இருக்க வேண்டிய இடமா முடிவானது, மெட்ராஸ் கவர்னரா இருந்த ஒரு பிரிட்டிஷ்காரர் பேர்ல நிக்கற கட்டடம். காலனி காலத்து நினைவு நம்ம கைக்கு எப்படி வந்து சேருதுன்னு புரிஞ்சுக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியல.

முதல்ல பேரைப் பார்ப்போம். நேப்பியர் பிரபு மெட்ராஸ் கவர்னரா இருந்தது 1866லேர்ந்து 1872 வரைக்கும். இந்தக் கட்டடம் முடிஞ்சது 1880ல. அப்ப அவர் இந்தியாவை விட்டே போயாச்சு. மியூசியம்ங்கற அமைப்பு அவருக்கும் முந்தினது. கம்பெனியோட பிரதிநிதியா, அதாவது ரெசிடெண்டா இருந்த ஜெனரல் கல்லன், வானியல் ஆய்வுக்கூடத்தோட இயக்குநர் ஆலன் பிரௌன், அன்னைக்கிருந்த மகாராஜா, இவங்க சேர்ந்து ஆரம்பிச்சு 1857ல மக்களுக்குத் திறந்தாங்க. வடக்கே சிப்பாய்கள் கலகம் பண்ணின அதே வருஷம். அந்தப் பழைய கட்டடத்தை 1874ல இடிச்சாங்க. புதுசை வடிவமைச்சவர் ராபர்ட் சிஸம். சேப்பாக்கத்துல இருக்கற செனட் ஹவுஸைக் கட்டினவரும் இவர்தான்.

ஆனா செலவு? அது திருவிதாங்கூர் கஜானா. அதாவது இந்த மண்ணுல வரி கட்டினவங்க காசு. காசு ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருடையது. இதுல ஒளிவுமறைவு எதுவும் இல்ல. ஆனா நேப்பியர் மியூசியம்னு நூறு தடவை சொல்லிப் பழகினப்புறம், ஏதோ அவர் தந்துட்டுப் போன கொடை மாதிரி மனசுல பதிஞ்சிடுது.

இப்ப வாளுக்கு வருவோம். வேலுத்தம்பி பிறந்த ஊர் தலக்குளம், இன்னைக்குக் கன்னியாகுமரி மாவட்டம். அவர் திவானா இருந்தப்பதான், 1805ல, கம்பெனியோட ஒப்பந்தம் ஆச்சு. வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்டணும். கட்ட முடியல. ரெசிடெண்ட் மெக்காலே பாக்கி கேட்டு நெருக்க, உறவு முறிஞ்சு, 1809 ஜனவரியில குண்டறையில போர் அறிக்கை விட்டார். கம்பெனிப் படை திருநெல்வேலிச் சீமையிலேர்ந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா உள்ள வந்தது. வேலுத்தம்பி மண்ணடிக்குத் தப்பிப் போய் அங்க ஒரு கோயில்ல உயிரை மாய்ச்சுக்கிட்டார். அதோட விடல. உடலைத் திருவனந்தபுரம் கொண்டு வந்து கண்ணம்மூலையில தூக்கிக் கட்டினாங்க.

அவர் வாள் கிளிமானூர் அரண்மனையில சுமார் 150 வருஷம் இருந்தது. 1957ல அந்தக் குடும்பம் அதைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்கிட்ட ஒப்படைச்சாங்க. அப்புறம் டெல்லி தேசிய அருங்காட்சியகம். ஊருக்குத் திரும்பி வரவே இன்னொரு ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அவரை வெறும் சுதந்திரப் போராட்ட வீரர்னு ஒரே வரியில முடிச்சா அதுவும் பாதிக் கதைதான். கம்பெனி வந்தா கோயிலும் ஆசாரமும் கெட்டுப்போகும்னு சொல்லித்தான் அந்தக் குண்டறை அறிக்கை மக்களைக் கூப்பிட்டது. அந்த ஆசாரம் யாரை எந்தத் தெருவுல நடக்க விடலன்னு தெரிஞ்சுக்க, மியூசியத்துலேர்ந்து கொஞ்ச தூரம் பாளையம் பக்கம் வாங்க.

இங்க இருக்கற மண்டபத்தை 1896ல கட்டினாங்க. விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். ஊர்ல எல்லாரும் வி.ஜே.டி. ஹால்னுதான் சொல்வாங்க. இந்த மண்டபத்துல கூடின, திருவிதாங்கூரோட பிரதிநிதி சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபையில உறுப்பினரா வந்து உட்கார்ந்தவர் அய்யங்காளி. தன் சாதியான புலையர் நடக்கக் கூடாதுன்னு தடுத்த பொதுச் சாலையில 1893ல வில்லுவண்டி ஓட்டிக்கிட்டுப் போனவர். 2019ல கேரள அரசு இந்த மண்டபத்துக்கு அவர் பேரையே வெச்சது. எனக்கு இதுல முழுச் சம்மதம். விக்டோரியா ராணி இந்த ஊருக்கு வந்ததே கிடையாது. அய்யங்காளி இதே கூரைக்குக் கீழ நின்னு தன் மக்களுக்காக நிலம் கேட்டவர். ஆனா பழைய பேர் ஏன் இருந்தது, ஏன் மாறினதுங்கறதையும் அங்கேயே எழுதி வெக்கணும். சொந்த ராஜா ஆண்ட நாட்டுல, அயல்நாட்டு ராணியோட ஜூபிலிக்கு மண்டபம் கட்டினாங்கங்கறது நம்ம பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய வரலாறு.

கடைசியா நகரத்துக்கு வெளியில, வடக்கே கடலோரம், அஞ்சுதெங்கு. ஆற்றிங்கல் ராணிகிட்ட அனுமதி வாங்கி 1690கள்ல கம்பெனி கட்டின கோட்டை. சதுரமான மதில், நாலு மூலையிலயும் கொத்தளம், உள்ளே புல்தரை. அவ்வளவுதான். 1721 ஏப்ரல்ல கம்பெனி அதிகாரி கிஃபர்ட் ராணிக்கு வருஷக் காணிக்கை கொடுக்கறேன்னு சுமார் 140 பேரோட கிளம்பிப் போனார். மிளகு வியாபாரத்துல அவங்க பண்ணின மோசடியில ஊரே கொதிச்சுப் போயிருந்தது. போனவங்கள்ல ஏறக்குறைய எல்லாரையும் மக்கள் கொன்னுட்டாங்க. அப்புறம் இந்தக் கோட்டையை ஆறு மாசம் முற்றுகை போட்டாங்க. பிளாசிப் போருக்கு 36 வருஷம் முன்னாடி.

இன்னைக்கு அந்தக் கோட்டையைப் பாதுகாக்கறது இந்தியத் தொல்லியல் துறை. பாதுகாக்கத்தான் வேணும், சந்தேகமே இல்ல. ஆனா பாருங்க, தொல்லியல் சட்டத்தால காப்பாத்த முடிஞ்சது கல்லைத்தான். கல்லுல கட்டினது கம்பெனி. அதைச் சுத்தி நின்ன சனங்க கோட்டை எதுவும் கட்டல. அந்த நாட்களைப் பத்தி எழுத்துல நமக்குக் கிடைக்கறதும் பெரும்பாலும் கம்பெனிக்காரங்க எழுதின கடிதம்தான். இன்னொரு சேதி. கம்பெனியோட படையெடுப்புகளை வரலாறா எழுதின ராபர்ட் ஓர்ம் 1728ல பிறந்தது இதே அஞ்சுதெங்குலதான். கோட்டையும் அவங்களுது, ஏடும் அவங்களுது.

அதனால என் கோரிக்கை இதுதான். எதையும் இடிக்க வேண்டாம், எந்தப் பேரையும் சத்தமில்லாம அழிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு இடத்துலயும் மூணு கேள்விக்கு பதில் எழுதின பலகை இருக்கட்டும்: யார் காசு, யார் உழைப்பு, யாரை உள்ள விடல. அதை மலையாளத்துலயும் தமிழ்லயும் எழுதுங்க. இன்னைக்குக் குமரி மாவட்டத்துல இருக்கற தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவனந்தபுரத்தோட ஒரே ஆட்சியிலதான் இருந்தது. இந்த வரலாறு அந்த ஊர்க்காரங்களுக்கும் சொந்தம். குமரி மாவட்டத்துலேர்ந்து பார்க்கறவங்க, உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் திருவிதாங்கூர் காலத்துக் கதை ஏதாவது தெரிஞ்சா இந்த வாரமே உட்கார வெச்சு போன்ல பதிவு பண்ணிடுங்க. தள்ளிப் போடாதீங்க.