பேரிடர்க்காலத் தகவல் தொடர்பு

பேரிடர்க்காலத் தகவல் தொடர்பு என்பது வெள்ளம், புயல், நிலநடுக்கம், ஆழிப்பேரலை முதலியவற்றால் வழக்கமான தொலைபேசி, இணைய வசதிகள் செயலிழக்கும்போது, மீட்புப் பணிக்கும் நிவாரணப் பணிக்கும் தேவையான செய்திகளை மாற்று வழிகளில் அனுப்பும் ஏற்பாடு ஆகும். காவல்துறையின் கம்பியில்லாத் தொடர்பு, செயற்கைக்கோள் தொலைபேசி, அமெச்சூர் வானொலி (ஹாம் வானொலி) ஆகியன இதில் பயன்படும் முக்கியமான வழிகளாகும்.

தேவை

செய்தி தாமதமானால் உயிர் போகும் என்பதற்குச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதி ஓர் எடுத்துக்காட்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஏரி நிரம்பும்போது திறந்துவிடப்படும் உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு ஆகிய ஊர்களின் வழியே சென்று திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. எனவே ஏரி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் திருமுடிவாக்கம் உள்ளிட்ட ஊர்களின் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படுவது வழக்கம். அவர்கள் வீட்டை விட்டு வெளியேறக் கிடைக்கும் காலம், அந்த எச்சரிக்கை எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்ததாகும்.

2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகள் மூழ்கின. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்தனர். மின்சாரம் நிறுத்தப்பட்டது, நகரின் பல பகுதிகளில் கைப்பேசிகள் செயலிழந்தன. நீர் திறப்பு பற்றிய அறிவிப்பு மக்களை உரிய நேரத்தில் அடைந்ததா என்பது பின்னர் பெரும் விவாதத்திற்கு உள்ளானது.

தொலைபேசி செயலிழக்கும் காரணங்கள்

கைப்பேசி தனித்து இயங்கும் கருவி அன்று. அது அருகிலுள்ள கோபுரத்தையும், கோபுரம் மின்சாரத்தையும், இணைப்பகத்துக்குச் செல்லும் கம்பிவடத்தையும் சார்ந்துள்ளன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தொடர்பு அறும்.

மின்சாரம் நின்றபின் கோபுரம் மின்கலத்தில் சில மணி நேரமே இயங்கும். அதன் பிறகு டீசல் மின்னாக்கி வேண்டும். அது தரைமட்டத்தில் இருந்தால் நீரில் மூழ்கும். மூழ்காவிட்டாலும் வெள்ளத்தைக் கடந்து டீசல் கொண்டுசெல்வது கடினம். மண் அரிப்பினாலும் மரம் வீழ்வதனாலும் ஒளியிழை வடங்கள் அறுகின்றன. எஞ்சிய கோபுரங்களிலும் நெரிசல் ஏற்படுகிறது. ஒரு கோபுரம் ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய அழைப்புகளுக்கு எல்லை உண்டு. பேரிடர் நேரத்தில் அனைவரும் ஒரே வேளையில் அழைப்பதால் பெரும்பாலோருக்கு இணைப்புக் கிடைப்பதில்லை. குறுஞ்செய்திக்கு மிகக் குறைந்த இடமே தேவை; அது வரிசையில் காத்திருந்தும் செல்லக்கூடியது. ஆகவே அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு.

அமெச்சூர் வானொலி

தேர்வெழுதி அரசின் உரிமம் பெற்றவர்கள், வணிக நோக்கமின்றி இயக்கும் இருவழி வானொலியே அமெச்சூர் வானொலி ஆகும். இடையில் கோபுரமோ இணைப்பகமோ இல்லாமலேயே ஒரு நிலையம் மற்றொரு நிலையத்துடன் நேரடியாகப் பேச முடியும். வாகன மின்கலம் ஒன்றும், இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய கம்பி ஒன்றும் இதற்குப் போதுமானவை.

குறுந்தொலைவுக்கு 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கையடக்கக் கருவிகள் பயன்படுகின்றன. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், உயரமான இடத்தில் மீள்பரப்பி ஒன்றை அமைத்துப் பரப்பெல்லையை விரிவாக்குவர். நெடுந்தொலைவுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைகள் பயன்படுகின்றன. இவை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், தாழக் கட்டிய கம்பியிலிருந்தும் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் தொடர்பு கொள்ளலாம்.

வரலாறு

சென்னையில் அமெச்சூர் வானொலிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1924 இல் இங்குத் தொடங்கப்பட்ட சென்னை மாகாண வானொலிச் சங்கமே நகரின் முதல் வானொலி ஒலிபரப்பை நடத்தியது.

பேரிடர்ப் பணியில் அமெச்சூர் வானொலியின் பயனை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உலகறியச் செய்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அம்மாதம் அந்தமானின் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்து உலக நாடுகளின் அமெச்சூர் இயக்குநர்களுடன் பேசி வந்தது. அலை தாக்கித் தீவுகளின் தொடர்பு அறுந்ததும், அதே கருவிகளைக் கொண்டு அக்குழு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. உறவினரைத் தேடியோரின் விசாரணைகளும் இதன் வழியே சென்றன. இலங்கையில் பெரும் அழிவுக்குள்ளான அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு அந்நாட்டு அமெச்சூர் இயக்குநர்கள் சிற்றலை வழியே செய்தி அனுப்பினர்.

பேரிடர்ப் பணிக்கான தொலைத்தொடர்புக் கருவிகள் நாட்டு எல்லைகளைத் தடையின்றிக் கடக்க வழிசெய்யும் தாம்பரே உடன்படிக்கை 1998 இல் பின்லாந்தில் ஏற்கப்பட்டு, 2005 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

செய்தி அனுப்பும் முறை

ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். எனவே ஒரு நிலையம் கட்டுப்பாட்டு நிலையமாக இருந்து பேசும் வரிசையை முடிவு செய்கிறது. உயிர் காக்கும் செய்திக்கு முதலிடமும், நிவாரணப் பொருள் பற்றிய செய்திக்கு அடுத்த இடமும், நலம் விசாரிக்கும் செய்திக்குக் கடைசி இடமும் தரப்படும்.

செய்தி எழுதப்பட்ட பின்னரே வாசிக்கப்படும்; பெறுபவர் அதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். எடுத்துக்காட்டாக, "திருமுடிவாக்கத்தில் படகு தேவை" என்பது முழுமையான செய்தி அன்று. எந்தத் தெரு, எத்தனை பேர், அவர்களில் முதியோர், நோயாளிகள் எத்தனை பேர், நீர்மட்டம் என்ன, செய்தி எழுதிய நேரம் எது என்பன இருந்தால்தான் மீட்புக் குழு ஓரிடத்துக்கு இருமுறை செல்வதையும், மற்றோரிடத்துக்குச் செல்லாமல் விடுவதையும் தவிர்க்கலாம். 2015 வெள்ளத்தின்போது சமூக வலைத்தளங்களில் பரவிய உதவிக் கோரிக்கைகளில் ஒன்றே பலமுறை பகிரப்பட்டதும், மீட்கப்பட்ட பின்னரும் பகிரப்பட்டதும் இச்சிக்கலைக் காட்டின.

வரம்புகள்

அமெச்சூர் வானொலி பொதுமக்களின் தொலைபேசிக்கு மாற்று அன்று. அதில் பேசுவதை எவரும் கேட்கலாம் என்பதால் மறைச்செய்திகளுக்கு அது பொருந்தாது. செயற்கைக்கோள் தொலைபேசிக்கு இந்தியாவில் அரசின் அனுமதி வேண்டும். 2023 இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட கைப்பேசிவழி எச்சரிக்கை ஒலிபரப்பு, ஒரு பகுதியில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி தருகிறது; ஆயினும் கோபுரம் இயங்கும்வரை மட்டுமே அது பயன்படும். ஆகவே ஒரே வழியை நம்பாமல், ஒன்று அறுந்தால் மற்றொன்று இயங்கும்படி பல வழிகளை வைத்திருப்பதே பாதுகாப்பானது.

முன்னேற்பாடு

கருவியைக் காட்டிலும் அதை இயக்கப் பழகியவரே முதன்மையானவர். உரிமம் பெறுவதற்கும் பயிற்சிக்கும் மாதங்கள் தேவைப்படுவதால், வெள்ளம் வந்த பின்னர் இதைத் தொடங்க இயலாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மீண்டும் வெள்ளத்தில் சூழப்பட்டன.

பொதுமக்கள் மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்களையும், நெருங்கியவர்களின் எண்களையும் தாளில் எழுதி வைத்திருத்தல் நன்று. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி, மின்சாரம் இல்லாத இரவிலும் எச்சரிக்கையைக் கேட்க உதவும்.