உயிர் காக்கும் செலவு யாருடையது?

சென்ற மாதம் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் எமது மாதர் சங்கக் கூட்டம் நடைபெற்றது. சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்த பின்னர் ஏதாவது ஒரு விடயம் பற்றிக் கதைப்பது எங்கள் வழக்கம். அன்று நான் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிறுமியின் கதையைச் சொன்னேன். பெண் பிள்ளைகளின் துணிவு பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பதே என் எண்ணம். கூட்டமோ வேறு திசையில் போய்விட்டது.

அச்சிறுமியின் பெயர் அபி சண்டர்லன்ட். வயது 16. உலகைத் தனியாகச் சுற்றி வருவதற்காக 2010 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து 12 மீற்றர் நீளமான பாய்மரப் படகில் புறப்பட்டாள். தென் அமெரிக்காவின் தென்முனையைக் கடந்து, தென்னாபிரிக்காவில் படகைத் திருத்திக்கொண்டு, இந்து சமுத்திரத்தின் தென்பகுதிக்குள் நுழைந்தாள். அங்கே அப்போது மாரி காலம். ஜூன் 10 ஆம் திகதி பெரிய அலை ஒன்று படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது. அவள் அபாய சமிக்ஞைக் கருவியை இயக்கினாள்.

அவுஸ்திரேலியக் கரை 3,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. அந்நாட்டுக் கடற் பாதுகாப்பு அதிகாரிகள் பெரிய பயணிகள் விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பேர்த் நகரிலிருந்து தேடுவதற்கு அனுப்பினர். விமானத்தில் இருந்தவர்கள் படகைக் கண்டு அவளோடு வானொலியில் பேசினர். மீட்பு வேலையை ஒழுங்குபடுத்தியது பிரான்ஸுக்குச் சொந்தமான ரியூனியன் தீவின் நிலையம். ஜூன் 12 ஆம் திகதி பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் ஒன்று தன் தொழிலை விட்டுவிட்டு அங்கு போய் அவளை ஏற்றியது. அந்த வேளையில் கப்பலின் தலைவரே கடலுக்குள் விழுந்து, அவரையும் தூக்கி எடுக்க வேண்டியதாயிற்று. அநாதரவாக விடப்பட்ட படகு எட்டு வருடங்களுக்குப் பின், 2018 இன் கடைசியில், அவுஸ்திரேலியாவின் தென்கரைக்கு அப்பால் தலைகீழாக மிதந்தபடி காணப்பட்டது.

நான் சொல்லி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு தாய் கேட்டார்: “அது சரி பிள்ளை, அந்த விமானத்துக்கு ஆர் காசு குடுத்தது?”

அவரது கணவர் ஒரு கடற்றொழிலாளி. ஐப்பசி மாதத்து இரவொன்றில் 18 அடிப் படகில் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆகவே அவரது கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குச் சரியான பதிலைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

யார் கொடுத்தது?

சுருக்கமாகச் சொன்னால், அந்தச் சிறுமியின் குடும்பம் கொடுக்கவில்லை. அவுஸ்திரேலியாவும் பிரான்ஸும் பணம் கேட்கவில்லை. விமானச் செலவு அந்நாட்டு மக்களின் வரிப்பணம். மீன்பிடிக் கப்பலோ தன் தொழில் நாட்களை இழந்தது.

இது அவளுக்கு மட்டும் காட்டப்பட்ட சலுகை அல்ல. 1997 ஜனவரியில் ரொனி புளிமோர் என்ற பிரித்தானியர், தனியே உலகைச் சுற்றும் படகோட்டப் போட்டியின்போது தென் சமுத்திரத்தில் கவிழ்ந்தார். தலைகீழான படகின் உள்ளே, இருட்டிலும் குளிரிலும் நான்கு நாட்களாக உயிரோடு இருந்தார். அவுஸ்திரேலியக் கடற்படையின் ‘அடிலெய்ட்’ என்ற போர்க்கப்பல் அவரைத் தேடிப் போனது. கடற்படையினர் படகின் அடிப்பாகத்தில் தட்டியதும், அவர் நீருக்குள் மூழ்கி வெளியே வந்தார். அதே பயணத்தில் தியெரி டுபுவா என்ற பிரெஞ்சுக்காரரும் ஹெலிகொப்டர் மூலம் காப்பாற்றப்பட்டார். அதற்கு முன்னர், 1994 டிசம்பர் கடைசியில், இசபெல் ஒற்றிசியே என்ற பிரெஞ்சுப் பெண்மணியையும் அதே கடற்படைதான் மீட்டது.

“செல்வந்தர்களின் விளையாட்டுக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்று அவுஸ்திரேலிய மக்கள் அப்போது கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனாலும் அரசு எவருக்கும் கணக்குச் சீட்டு அனுப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது மாலுமிகளின் பழைய வழக்கம். இன்று அது எழுதப்பட்ட சட்டமாகவும் உள்ளது. கடலில் உயிர்ப் பாதுகாப்புப் பற்றிய 1974 ஆம் ஆண்டின் உடன்படிக்கை, தேடுதல் மற்றும் மீட்புப் பற்றிய 1979 ஆம் ஆண்டின் உடன்படிக்கை, 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயம் ஆகிய மூன்றும் இதனைக் கூறுகின்றன. ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், எந்த நிலையில் உள்ளவர், ஏன் கடலுக்கு வந்தார் என்று பாராமல் உதவ வேண்டும் என்பதே இவற்றின் சாரம். உலகக் கடல்கள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு பொறுப்பாக்கப்பட்டுள்ளது. அவுஸ்திரேலியாவின் பொறுப்பில் உள்ள பகுதி மட்டும் பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்.

இன்னுமொரு விடயம் என்னை வியக்க வைத்தது. 1989 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை ஒன்றின்படி, கடலில் கப்பலையோ சரக்கையோ காப்பாற்றிக் கொடுத்தவர் அதன் சொந்தக்காரரிடம் கூலி கேட்கலாம். ஆனால் காப்பாற்றப்பட்ட மனிதரிடம் கூலி கேட்க முடியாது. பொருளுக்கு விலை உண்டு; உயிருக்குக் கட்டணம் இல்லை.

அப்படியானால் யாரும் எப்படியும் போகலாமா?

கூட்டத்தில் இளம் பெண் ஒருவர் சூடாகவே கேட்டார்: “அக்கா, வேணுமெண்டு போய் விழுகிறவையையும் தூக்கத்தான் வேணுமோ?”

இக்கேள்வியைத் தட்டிவிட முடியாது. மிகச் சிறிய படகில் சமுத்திரம் கடப்பதைச் சாதனையாகக் கருதுவோர் உள்ளனர். 1993 இல் ஹியூகோ வீலன் என்ற அமெரிக்கர் 5 அடி 4 அங்குல நீளமான படகில் 105 நாட்கள் இருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தார். எங்களில் பலருக்கு அதனுள் காலை நீட்டிப் படுக்கவும் முடியாது. அவர் கரை சேர்ந்தார். எல்லோரும் சேர்வதில்லை. 2022 ஜனவரியில் ஜோன் ஜாக் சவான் என்ற 75 வயதுப் பிரெஞ்சுக்காரர் தனியே துடுப்பு வலித்து அதே சமுத்திரத்தைக் கடக்கப் புறப்பட்டார். அவர் அபாய சமிக்ஞை அனுப்பினார். மீட்பவர்கள் கண்டதோ கவிழ்ந்த படகையே.

அமெரிக்காவின் புளோரிடாவில் வசித்த ஒருவர், மிதவைகளைக் கட்டித் தானே செய்த பெரிய சக்கரம் போன்ற கலம் ஒன்றின் உள்ளே ஓடியபடி கடல் கடக்கப் புறப்பட்டார். 2014 இலிருந்து பல தடவைகள் கரையோரக் காவற்படை அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2023 ஓகஸ்டில் சூறாவளி நெருங்கி வந்த வேளையில் மீண்டும் நடுக்கடலில் காணப்பட்டார். பல நாட்கள் இறங்க மறுத்தார். கடைசியில் இறக்கப்பட்டு வழக்கும் தொடரப்பட்டது.

அமெரிக்கச் சட்டப்படி, வெளிப்படையாகவே ஆபத்தான பயணத்தை நிறுத்தும் அதிகாரம் கரையோரக் காவற்படைக்கு உண்டு. ஆபத்து இல்லாமலே பொய்யாக உதவி கேட்டு அழைப்பவரிடம் முழுச் செலவையும் அறவிடவும் முடியும். ஆனால் உண்மையிலேயே தத்தளிப்பவரிடம் அவர்கள் பணம் கேட்பதில்லை. அதாவது, புறப்படுமுன் தடுக்கலாம். பொய் சொன்னால் தண்டிக்கலாம். தண்ணீரில் தத்தளிப்பவரிடம் விலை பேசக்கூடாது. இந்த மூன்றையும் நாம் ஒன்றோடொன்று குழப்பிக் கொள்ளக்கூடாது.

போட்டி நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. 1997 ஆம் ஆண்டின் அனுபவத்துக்குப் பின்னர், கவிழ்ந்தால் படகு தானாகவே நிமிர வேண்டும், போட்டியாளர் முன்கூட்டியே நீண்ட பயணம் செய்து தகுதி காட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகள் இறுக்கப்பட்டன. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுவதும் உண்டு. 2022 நவம்பரில் கேர்ஸ்டன் நொய்ஷேபர் என்ற தென்னாபிரிக்கப் பெண் தனது போட்டியை இடைநிறுத்தி, படகு மூழ்கி உயிர் காக்கும் மிதவையில் இருந்த பின்லாந்துப் போட்டியாளர் ஒருவரைத் தனது சிறு படகில் ஏற்றி, சரக்குக் கப்பல் ஒன்றில் சேர்ப்பித்தார். அதன் பின்னும் தொடர்ந்து ஓடி, 2023 ஏப்ரலில் அப்போட்டியில் முதலிடம் பெற்றார்.

கணக்குச் சீட்டு யாரைப் பயமுறுத்தும்?

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கட்டணம் விதிக்கும்போது அது வசதியுள்ளவரைத் தடுப்பதில்லை, வசதியற்றவரைத்தான் தடுக்கிறது. மீட்புக்குப் பணம் என்று வைத்தால், பணக்காரப் படகோட்டி காப்புறுதி எடுத்துக்கொண்டு போவார். எஞ்சின் பழுதாகிக் கடலில் இழுபடும் ஏழைத் தொழிலாளியோ, “இன்னும் கொஞ்சம் பார்ப்போம், விடியட்டும்” என்று அழைக்காமல் இருப்பார். விடியும்போது காற்று அவரை எங்கோ கொண்டு போயிருக்கும். பின்னர் தேட வேண்டிய இடமும் பெரிது, செலவும் பெரிது, உயிரும் போய்விடும்.

தகுதி பார்த்து உதவுவது என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 நவம்பரில் 303 இலங்கையர் சென்ற கப்பலொன்று வியட்நாமுக்கு அப்பால் மூழ்கும் நிலைக்கு வந்தது. எம்மவர்களும் அதில் இருந்தனர். பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அவ்வழியே சென்ற ‘ஹீலியோஸ் லீடர்’ என்ற ஜப்பானியக் கப்பல் அவர்களை ஏற்றிக் கரை சேர்த்தது. “இவர்கள் ஏன் இப்படி வந்தார்கள்?” என்று அக்கப்பல் தலைவர் முதலில் விசாரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த 16 வயதுச் சிறுமியைக் காத்த அதே விதிதான் எம்மவரையும் காத்தது.

“உன் பிழையால்தானே வந்தது” என்ற சொல்லை நாங்கள் நிறையவே கேட்டவர்கள். ஏன் அங்கே இருந்தீர்கள், ஏன் முன்னரே வெளியேறவில்லை என்று காயத்தோடு வந்தவரிடம் கேட்கப்பட்டதை இதை வாசிக்கும் சகோதரிகள் பலர் அறிவீர்கள். முதலில் காயத்துக்கு மருந்து; கேள்வி பிறகு.

அந்தத் தாய் சொன்னது

இவற்றையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்துவிட்டு, நான் சொன்னதை அமைதியாகக் கேட்டார். பின்னர் தன் கதையைச் சொன்னார்.

கணவர் வராத அன்று காலை அவர் ஓர் அலுவலகத்துக்கு ஓடினார். எந்தத் திசையில் போனார், படகின் இலக்கம் என்ன, எத்தனை மணிக்குப் போனார் என்று கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. எழுதிக்கொண்டு, பிறகு வரச் சொன்னார்கள். ஊரவர்கள் காத்திருக்கவில்லை. ஆறு படகுகள் புறப்பட்டன. நான்கு நாட்கள் தேடினார்கள். மண்ணெண்ணெய் முழுவதும் சங்கத்தில் கடனாக எடுத்தது.

“முப்பத்தொண்டு முடிய, காதில கிடந்த தோட்டைக் கழட்டிக்கொண்டு சங்கத் தலைவரிட்டைப் போனன். எண்ணெய்க் காசுக்கு எண்டு குடுத்தன். அவர் வாங்கேல்லை. ‘தங்கச்சி, நாளைக்கு என்னைத் தேடவும் ஆக்கள் போகவேணும். இதுக்குக் காசு வாங்கினால் பிறகு ஆர் ஆரைத் தேடுறது?’ எண்டு சொல்லி அனுப்பிப்போட்டார். ஆறு படகுக்காரரும் இரண்டு மாதமா மீன் காசில கழிச்சுத்தான் அந்தக் கடனைக் கட்டினவை.”

அவர் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். “அந்தப் பெட்டைக்கு விமானம் அனுப்பினது பிழையெண்டு நான் கேக்கேல்லைப் பிள்ளை. அனுப்பத்தான் வேணும். எங்கட ஆளுக்கும் ஒண்டு வந்திருந்தால் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான்.”

நான் கொண்டுபோன சட்டங்கள் எதுவும் அந்த வீட்டுக்குப் புதிதாக இருக்கவில்லை. அவற்றின் சாரத்தை அந்தச் சங்கத் தலைவர் எப்போதோ ஒரே வசனத்தில் சொல்லியிருக்கிறார். இல்லாதது சட்டமல்ல, அச்சட்டம் எங்கள் கரைக்கு வந்து சேரும் வழிதான். பெரிய நாட்டின் படகோட்டி ஒரு பொத்தானை அழுத்தியதும் செய்மதி வழியாக அவரது இடம் தெரிந்துவிடுகிறது. எங்கள் சிறுபடகுத் தொழிலாளியின் இடம் தெரிய அவரது மனைவியின் ஞாபகம்தான் உண்டு.

ஆகவே சகோதரிகளே, கடலுக்குப் போகும் குடும்பங்களில் உள்ள நாம் இன்றே செய்யக்கூடிய சில காரியங்கள் உள்ளன. படகின் பதிவு இலக்கம், நிறம், எஞ்சின் விபரம் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். புறப்படும் நேரம், போகும் திசை, திரும்பும் நேரம் என்பவற்றை ஒவ்வொரு நாளும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி, குடிதண்ணீர், டோர்ச் லைட், தண்ணீர் புகாமல் பையில் சுற்றிய தொலைபேசி ஆகியன படகில் உள்ளனவா என்று பாருங்கள். சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால், விடியட்டும் என்று இருக்காமல் சங்கத்துக்கும் கடற்படைக்கும் கடற்றொழில் அலுவலகத்துக்கும் உடனே அறிவியுங்கள். அறிவித்த நேரத்தையும் பொறுப்பெடுத்தவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தேடுவதற்கான எரிபொருளுக்கென்று சங்கத்தில் ஒரு சிறு நிதி ஒதுக்கும்படி கேளுங்கள்.

கடந்த கூட்டத்தில் எமது மாதர் சங்கம் இந்த நிதிக்காக அங்கத்தவர் ஒருவருக்கு மாதம் 50 ரூபாய் சேர்ப்பதெனத் தீர்மானித்துள்ளது. முதல் 50 ரூபாயை மேசையில் வைத்தவர் அந்தத் தாய்தான்.