கிழட்டு வண்டிக்குப் புது உயிர்!

கடல் நீரில் மூழ்கிய மோட்டார் வண்டி மறுபடி ஓடுமா?

ஓடியது!

2003-ம் ஆண்டில் லண்டன் பி.பி.சி. டெலிவிஷன்காரர்கள் ஒரு விபரீதமான சோதனை நடத்தினார்கள். 1988-ம் ஆண்டு மாடல் டீசல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார்கள். அதை எப்படியாவது சாகடித்துவிட முடியுமா என்று பார்க்கக் கிளம்பினார்கள்.

மரத்தில் மோதினார்கள். கடலோரத்தில் நிறுத்தி, அலை வந்து மூடும்படி விட்டார்கள். மேலிருந்து பெரிய பெட்டி வண்டியைத் தூக்கிப் போட்டார்கள். கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் அடித்தார்கள். தீ வைத்தார்கள். கடைசியில், உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் அதை ஏற்றி, வெடி வைத்துக் கட்டடத்தையே தகர்த்தார்கள்.

இடிபாட்டிலிருந்து வண்டியைத் தோண்டி எடுத்தார்கள். மெக்கானிக் சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு பழுது பார்த்தார். என்ஜின் உறுமியது! இப்போது அந்த வண்டி இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் உள்ள மோட்டார் கண்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது.

அது டொயோட்டா கம்பெனியின் "ஹைலக்ஸ்" வண்டி. ஜப்பானில் 1968-ல் முதன்முதலாக வெளிவந்தது. முன்னால் ஆட்கள் உட்காரும் அறை. பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி. நம் ஊர்களில் "குட்டி யானை" என்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் என்ஜின் பெரிது, கட்டுமானமும் முரடு.

வண்டி இரும்பாக இருந்ததால் பிழைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஸ்பானரும் சுத்தியலும் வைத்துக்கொண்டு பழுது பார்க்கக்கூடிய வண்டியாக இருந்ததால் பிழைத்தது என்பதே மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 30, 40 வருஷத்துக் கிழட்டு வண்டிகளை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டி ஓட்டுகிறார்கள்.

கோழியும் வண்டியும்

அமெரிக்காவில் இந்த வண்டியை வெறும் "பிக்கப்" என்ற பெயரில் 1995 வரை விற்றார்கள். அங்கே அது வந்து சேர்ந்த கதையே வேடிக்கையானது.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கோழிகளுக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. பதிலுக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் சிறு லாரிகளுக்கு 1964-ல் 25 சதவீத வரி போட்டது. இதற்குக் "கோழி வரி" என்றே பெயர் நிலைத்துவிட்டது!

ஜப்பான்காரர்கள் சும்மா இருப்பார்களா? பின் தொட்டி இல்லாமல் வண்டியை அனுப்பினார்கள். முழு லாரியாக இல்லாததால் வரி குறைந்தது. தொட்டியை அமெரிக்காவிலேயே செய்து மாட்டினார்கள். 1980-ல்தான் இந்த வழி அடைபட்டது.

எப்படியோ, தொட்டி தனி, அடிச்சட்டம் தனி என்ற இந்த அமைப்பு, வீட்டில் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு வரம். சில போல்ட்டுகளைக் கழற்றி, நாலு நண்பர்கள் கை கொடுத்தால் தொட்டி கீழே இறங்கிவிடும். பிரேக் குழாய், பெட்ரோல் டாங்கி எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும்.

நான்கு சக்கரமும் இழுக்கும்

சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்களைத்தான் என்ஜின் சுற்றும். சேற்றில் அவை வழுக்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். 1979-ல் இந்த வண்டிக்கு நான்கு சக்கர இழுவை வந்தது. டிரைவர் கீழே இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் உள்ள திருகுகளைத் திருப்ப வேண்டும். பிறகு உள்ளே இன்னொரு கியர் தடியைத் தள்ள வேண்டும். முன் சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். மேடு, மணல், பனி எதுவானாலும் ஏறிவிடும்.

உலர்ந்த தார் ரோட்டில் மட்டும் அப்படி ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் ஒரு தூரமும், பின் சக்கரங்கள் ஒரு தூரமும் போகின்றன. சேற்றில் என்றால் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. கியர்கள் முறுக்கிக்கொண்டு திணறும்.

1985-ம் ஆண்டு மாடல் வரையில், முன்புறமும் மாட்டு வண்டி போல ஒரே நீள அச்சு. 1986 மாடலிலிருந்து முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்துவிட்டார்கள். பயணம் சொகுசானது. ஆனால் காட்டு வழியில் ஓட்டுபவர்கள் பழைய நீள அச்சைத்தான் தேடி அலைகிறார்கள். 1985-ல் வெளிவந்த "பேக் டு தி பியூச்சர்" என்ற சினிமாவில் இந்த ரக வண்டி ஒன்றுக்குக் கதாநாயகன் ஆசைப்படுவான். அதுவும் மோகத்தைக் கூட்டிவிட்டது!

தட்டிப் பார்!

கிழட்டு வண்டி வாங்கியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? அநேகர் பெரிய டயருக்கும் பளபளக்கும் விளக்குக்கும் ஓடுகிறார்கள். அது பசியோடு இருப்பவனுக்குப் பட்டு வேட்டி வாங்கிக் கொடுப்பதைப் போன்றது. முதலில் வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவின் வட பகுதிகளில், ரோட்டுப் பனி உருகுவதற்காக உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு அடிச்சட்டத்தை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே வர்ணம் பளபளக்கும்; உள்ளே துரு! சுத்தியலால் சட்டத்தை அடி நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வித்தைதான். 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. 'பொத்' என்று கேட்டால் அங்கே துரு அரித்திருக்கிறது. சட்டம் அரித்துப்போன வண்டிக்கு எவ்வளவு செலவு செய்தாலும் வீண்.

சங்கிலிச் சத்தம்

1981 முதல் 1995 வரை இந்த வண்டிகளில் "22 ஆர்" என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் வந்தது. அளவு 2,366 சி.சி. நன்றாகக் கவனித்தால் பல லட்சம் மைல் ஓடும். ஆனால் அதற்கு ஒரு தீராத நோய் உண்டு.

என்ஜினுக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. சைக்கிள் சங்கிலி மாதிரிதான். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடுவது இதன் வேலை. சங்கிலி ஆடாமல் இருக்க, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டைகள் அணைத்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும். ஒரு நாள் உடையும். டிரைவர் பக்கத்துப் பட்டைதான் பெரும்பாலும் முதலில் போகும்.

பட்டை உடைந்தால் சங்கிலி ஆடும். ஆடி ஆடி, முன்னால் உள்ள அலுமினிய மூடியை அரம் போல அறுக்கும். அந்த மூடிக்குள்தான் ரேடியேட்டர் தண்ணீர் போகும் வழி இருக்கிறது. அது அறுபட்டால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் பால் விட்ட காப்பி போல மாறும். அதோடு ஓட்டினால் என்ஜின் தொலைந்தது!

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது, முன்பக்கத்திலிருந்து சில வினாடிகள் 'கடகட' என்று சத்தம் வரும். பிறகு நின்றுவிடும். சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் கருவி ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. ஆயில் ஏறும் வரை சங்கிலி தளர்ந்து ஆடுகிறது. 'சத்தம்தான் நின்றுவிட்டதே' என்று சும்மா இருப்பவர்கள் பிறகு என்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்து என்ன? மேல் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் முன் மூடியைக் கழற்றிப் புதுச் சங்கிலி போட வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்த பட்டைகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் சீக்கிரம் உடையாது. சங்கிலியில் உள்ள அடையாளக் கண்ணிகள், பல் சக்கரங்களில் உள்ள புள்ளிகளுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் என்ஜின் சரியாக ஓடாது.

தோள்பட்டைக்குள் கூழ்

முன் அச்சின் இரண்டு முனைகளிலும் இரும்புக் குண்டு போன்ற ஒரு பாகம் உண்டு. நம் தோள்பட்டை மாதிரி. சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் அல்லவா? இரண்டும் அதற்குள் நடக்கின்றன. உள்ளே கெட்டி கிரீஸ் அடைத்திருப்பார்கள்.

அச்சுக்குள் இருக்கும் கியர் ஆயில், உள் சீல் தேய்ந்ததும் கசிந்து வந்து கிரீஸோடு கலக்கும். கேழ்வரகுக் கூழ் போலக் கறுப்பாக வழியும். பலர் வெளியே துடைத்துவிட்டு மேலும் கிரீஸ் அடைக்கிறார்கள். கசிகிற பானையில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? உள் சீலை மாற்றினால்தான் தீரும்.

இது கஷ்டமான வேலை அல்ல, அழுக்கான வேலை. ஒரு சனி, ஞாயிறு போதும். சக்கர பேரிங் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அதை வாங்காமல் உளி வைத்து அடிப்பவர்கள் நட்டைக் கெடுக்கிறார்கள். திருப்பும் பேரிங்குகளின் மூடிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். மேலே இருந்தது மேலேயே போக வேண்டும், கீழே இருந்தது கீழேயே. திரும்பப் பூட்டியதும், இறுக்கம் சரியா என்று பார்க்க மீன் நிறுக்கும் வில்தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள்!

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966-ல் வெளியிட்ட முதல் மோட்டார் பழுதுப் புத்தகமே இந்த யோசனையில் பிறந்ததுதான். நண்பரின் காரைப் பிரித்துப் பூட்டியபோது படம் எடுத்து வைத்தார். அதுவே பெரிய தொழிலாக வளர்ந்தது. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. கழற்றிய நட்டுகளை டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டுவது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை.

உயரம் கூட்டினால்...

நோய் தீர்ந்த பிறகு அலங்காரத்துக்கு வரலாம். எல்லாரும் ஆசைப்படுவது உயரமும் பெரிய டயரும்தான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயர் போட்டால் அச்சு எவ்வளவு உயரும்? ஐந்து அங்குலமா? இல்லை. இரண்டரை அங்குலம்தான்! மீதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றி உயரம் கூட்டினாலோ, அச்சு ஒரு அங்குலம்கூட உயராது. வண்டியின் உடம்புதான் உயரும்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. மீட்டர் 60 மைல் வேகம் காட்டும்போது, வண்டி உண்மையில் சுமார் 70 மைல் வேகத்தில் போகும். ஏற்றத்தில் என்ஜின் மூச்சு வாங்கும். இதைச் சரிக்கட்ட அச்சுக்குள் உள்ள கியரை மாற்ற வேண்டும். 4.10 விகிதத்தில் இருப்பதை எடுத்துவிட்டு 4.88 போடுகிறார்கள். முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே மாதிரி போட வேண்டும்.

பிரேக் விஷயம் இன்னும் முக்கியம். பின் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சிறு கம்பி இருக்கிறது. சுமை ஏற்றினால் வண்டி தாழும். கம்பி ஒரு வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டி உயர்ந்து நிற்கும், அழுத்தம் குறையும். நல்ல யோசனைதான். ஆனால் நாமாக வண்டியை உயர்த்திவிட்டால் என்ன ஆகும்? முழுச் சுமை ஏற்றினாலும், வண்டி காலி என்றே கம்பி ஏமாறும். பின் பிரேக் சரியாகப் பிடிக்காது! உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் தாங்கியையும் உயர்த்த வேண்டும். பிரேக் ரப்பர் குழாய்களையும் நீளமாக மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவது பெரிய ஆபத்து.

உயரமான வண்டி வளைவில் சீக்கிரம் குடை சாயும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. நம் நாட்டில் விதி கடுமை. கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. பழுது பார்க்கலாம், உருவத்தை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரிக்க வேண்டும்.

ஜாக்கியை நம்பாதே

வீட்டில் வேலை செய்பவர்களுக்கு உயிராபத்து ஒன்று உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் படுப்பதுதான் அது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல் முட்டு கூடவே கூடாது. அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

இன்னொன்று. கை பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. பின்புறத்தைத் தூக்கினால் கை பிரேக்கால் பயன் இல்லை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். மறுநாள் முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு கட்டும் 'யு' போல்ட்டுகளைக் கழற்றினால் பழையதையே மாட்டக்கூடாது. புதிது போட வேண்டும். வேலை முடிந்து சில நூறு மைல் ஓடியதும், அந்த நட்டுகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும். புது ஸ்பிரிங் படிந்து உட்காரும்போது அவை தளர்ந்துவிடும்.