கணினியை விட்டுப் போக மறுக்கும் புளூடூத் கருவி: என்ன செய்யலாம்?

கணினித் திரையில் 'ரிமூவ் டிவைஸ்' என்பதை அழுத்துகிறோம். சற்று நேரம் சுற்றிவிட்டு 'ரிமூவ் ஃபெயில்ட்' என்று வருகிறது. சிலவேளை பட்டியலிலிருந்து மறைந்த கருவி, கணினியை மீண்டும் இயக்கியதும் பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. புளூடூத் ஹெட்செட், மௌஸ், கீபோர்ட் பாவிக்கும் பலருக்கு இது பழகிப்போன தொல்லை.

தொல்லைதானே என்று விட்டுவிட முடியாத இடங்களும் உண்டு. வன்னியில் சில சமூக அமைப்புகளின் கணினிகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வந்து, வெளிநாட்டில் உள்ளவர்களுடன் காணொளியில் கதைக்கும் அலுவலகம் ஒன்றில், ஒரு கணினியின் ஹெட்செட்டை அடுத்த அறைக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அதை இயக்கியதும் அது பழைய கணினியோடு போய் இணைந்துகொண்டது. இங்கே ஒரு தாய் கதைத்துக்கொண்டிருக்க, மறுமுனையின் பதில் அடுத்த அறையில் இருந்தவரின் காதில் கேட்டது. கேட்டவர் அதே அமைப்பைச் சேர்ந்தவர் என்பதால் பாதகமில்லை. ஆனால், யார் கேட்கிறார்களோ என்ற பயத்துடனேயே கதைத்துப் பழகிய எங்கள் மக்களுக்கு இது சின்ன விடயமல்ல.

ஏன் இப்படி நடக்கிறது?

இரண்டு கருவிகளை முதன்முறை இணைக்கும்போது, அவை தமக்குள் ஒரு இரகசியத் திறப்பை உருவாக்கிக்கொள்கின்றன. அந்தத் திறப்பின் ஒரு பிரதி கணினியிலும் மற்றது ஹெட்செட்டிலும் சேமிக்கப்படுகிறது. அடுத்தமுறை சுமார் 10 மீற்றர் தூரத்துக்குள் வந்தால், எவரையும் கேட்காமலே இரண்டும் இணைந்துவிடும். கருவியை 'டிஸ்கனெக்ட்' செய்தால் அப்போதைய தொடர்பு மட்டுமே அறும். திறப்பு அழியாது. கருவியை முழுதாக நீக்க வேண்டுமானால் கணினியில் உள்ள பிரதியையும் அதற்குரிய மென்பொருள் பதிவுகளையும் அழிக்க வேண்டும். அந்தப் பதிவுகளில் ஒன்று பாவனையில் இருந்தாலோ பழுதடைந்திருந்தாலோ, நீக்கும் வேலை பாதியில் நின்றுவிடும்.

ஒவ்வொரு படியாக

விண்டோஸ் 10, 11 கணினிகளில் நான் பின்பற்றும் ஒழுங்கு இது. தொடங்க முன், வயருள்ள மௌஸ் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். இருக்கும் ஒரே மௌஸ் புளூடூத் மௌஸாக இருந்தால், இடைநடுவில் கையறுந்த நிலையாகிவிடும். திரைவாசிப்பான் பாவிக்கும் பார்வையற்றவர்கள், குரல் நின்றுபோகாமல் இருக்க வயருள்ள இயர்போன் ஒன்றை முதலில் செருகிக்கொள்வது நல்லது.

1. நீக்கவேண்டிய கருவியை அணைத்துவிடுங்கள். பின்னர் செட்டிங்ஸில் புளூடூத் பகுதிக்குப் போய் நீக்கிப் பாருங்கள். கருவி இயங்கிக்கொண்டிருந்தால் நீக்கும்போதே திரும்ப இணைய முயலும்.

2. சரிவராவிட்டால் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் போடுவது இதற்கு உதவாமல் போகலாம். பல கணினிகளில் விரைவாக இயங்குவதற்காகப் பழைய நிலையின் ஒரு பகுதி சேமித்து வைக்கப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

3. அதன் பின்னும் போகாவிட்டால், ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மனேஜர்' திறவுங்கள். மேலே 'வியூ' என்பதில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். புளூடூத் பிரிவில் உங்கள் கருவியின் பெயர் மங்கலாகத் தெரியும். அதை வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். ஹெட்செட்டாக இருந்தால் ஒலிக் கருவிகளின் பிரிவிலும் அதே பெயர் இருக்கும். அதையும் நீக்கி, மீண்டும் 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். நான் பார்த்த கணினிகளில் பெரும்பாலானவை இந்தப் படியோடு சரியாகிவிட்டன.

4. இன்னும் நிற்கிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'சேர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'புளூடூத் சப்போர்ட் சேர்விஸ்' என்பதை 'ரீஸ்டார்ட்' செய்துவிட்டு, முதலாவது படியை மீண்டும் செய்யுங்கள்.

கடைசி வழி ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவை நேரடியாக அழிப்பது. அங்கே தவறான பதிவொன்றை அழித்தால் கணினியே இயங்காமல் போகலாம். தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, பிரதி எடுத்த பின்னரே செய்விக்க வேண்டும்.

கணினியில் நீக்கியதோடு வேலை முடிவதில்லை. ஹெட்செட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது. சில ஹெட்செட்டுகளில் இணைப்புப் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் பழைய இணைப்புகள் எல்லாம் அழியும். எந்தப் பட்டன், எவ்வளவு நேரம் என்பது கருவிக்குக் கருவி மாறும், கையேட்டில் இருக்கும்.

கைமாறும் கணினிகள்

எங்கள் வீடுகளிலுள்ள மடிக்கணினிகளில் பல, வெளிநாட்டு உறவினர்கள் பாவித்துவிட்டு அனுப்பியவை அல்லது உதவியாகக் கிடைத்தவை. அப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் புளூடூத் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கீபோர்டோ ஹெட்செட்டோ இருந்தால் நீக்குங்கள். இணைப்பு அழியாத கீபோர்ட் ஒன்றை வைத்திருப்பவர், அருகில் இருந்தால் உங்கள் கணினியில் தட்டச்சு செய்ய முடியும்.

நீங்கள் ஒருவருக்குக் கணினியைக் கொடுப்பதானால், 'ரீசெட் திஸ் பிசி' மூலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. ஆனால் அதை அழுத்த முன், உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாமல் போன பிள்ளையின் ஒரேயொரு படம் அந்தக் கணினியில் மட்டும் இருக்கக்கூடும். இணைப்பைத் திரும்ப ஏற்படுத்தலாம். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது.