கடன் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும்

காயும் கருவாட்டில் மணல் ஒட்டினால் உதறிவிடலாம். நிலக்கரித் தூசி படிந்தால் வியாபாரி விலையே கேட்கமாட்டார். கருவாடு விற்றுப் பிழைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். குஜராத்தில், கட்ச் வளைகுடாவின் முந்த்ரா மீனவர்கள் எழுதிய புகாரைப் படித்ததும் அவர்களின் நஷ்டம் எனக்குச் சட்டென்று புரிந்தது.

மழைக்காலம் ஓய்ந்ததும் இந்த மீனவர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்து குடிசை போடுவார்கள். ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் பிழைப்பு அங்கேதான். படகில்லாதவர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து நடந்தே போய் வலை கட்டுவார்கள். பெண்கள் மீனைத் தரம் பிரித்துக் காயவைப்பார்கள்.

அந்தக் கரையில்தான் 4,000 மெகாவாட்டுக்கும் அதிகத் திறனுள்ள டாடா அனல் மின்நிலையம் எழுந்தது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008இல் அதற்கு 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. யாருக்குப் பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே கண்டறிய வேண்டும், அவர்களோடு கலந்துபேச வேண்டும் என்பது கழகம் தானே வகுத்த விதி.

மின்நிலையம் வெளியேற்றும் சுடுநீரால் கரையோர மீன்வளம் குறைகிறது, காயும் மீனில் தூசி படிகிறது என்று 2011இல் கழகத்தின் குறைகேட்பு அலுவலகத்திடம் மீனவர் சங்கம் முறையிட்டது. 2013இல் அந்த அலுவலகத்தின் தணிக்கை அறிக்கை வந்தது. தொடக்கத்திலேயே மீனவர்களோடு முறையாகக் கலந்துபேசவில்லை, பருவத்துக்கு வந்து தங்குபவர்களின் நிலையைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றது அறிக்கை. ஆனால் தவறைச் சொல்லத்தான் அந்த அலுவலகத்துக்கு அதிகாரம்; இழப்பீடு கொடு என்று உத்தரவிட அதிகாரம் இல்லை.

அதனால் மீனவர் புத்தா இஸ்மாயில் ஜாம் உள்ளிட்டோரும் அருகிலுள்ள நவினால் ஊராட்சியும் 2015இல் கழகத்தின்மீது வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தார்கள். சர்வதேச அமைப்பான எங்கள்மீது வழக்கே போட முடியாது என்றது கழகம். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. வெளிநாட்டு அரசுகளுக்கு உள்ள அளவுக்கே கழகத்துக்கும் பாதுகாப்பு உண்டு, வணிக நடவடிக்கைகளுக்காக வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது என்பது தீர்ப்பு. ஆனால் வழக்குக்கு அடிப்படையான செயல்கள் அமெரிக்காவில் நடக்கவில்லை என்று சொல்லி 2020இல் கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் தோல்வி. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் மீனவர்களின் இழப்பு உண்மையா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டும்தான். அதற்கான விலையை மிகக் குறைந்த வருமானக்காரர்கள் தலையில் கட்டுவது அநியாயம். வட்டிக்குக் கணக்கு வைப்பவர்கள் தீங்குக்கும் கணக்கு வைக்க வேண்டும். மீன்பிடிப் பருவத்தில் கரைக்கு வந்து குடும்பங்களைக் கணக்கெடுக்கட்டும். கடனுக்கு ஒப்புதல் தரும்போதே நிவாரணத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கட்டும். குறைகேட்பு அலுவலகம் தவறென்று சொன்னதைக் குறித்த கெடுவுக்குள் சரிசெய்யும் கட்டாயம் வரட்டும்.

இந்தியாவும் அந்தக் கழகத்தில் பங்குதார நாடு. அங்கே நம் பிரதிநிதி எதற்குக் கைதூக்குகிறார் என்று கேட்கும் உரிமை நம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. நம் தொகுதி உறுப்பினரை அதைக் கேட்கவைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.